முதல் கறுப்பு: ஒரு போர்க்கால ரிவால்வரின் பயணம்

அடிப்பிடியில் V என்ற எழுத்தோடு எண் பொறித்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் கண்ணாடிபோல் மின்னுகிறது என்றால், தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அது அப்படி இருக்கவில்லை என்று தயங்காமல் சொல்லலாம். பின்னால் யாரோ அதைச் சாணையில் பிடித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே மங்கலான கறுப்பில், ஓரங்கள் தேய்ந்து, உளி ஓடிய தடங்கள் தெரியும் உடலோடு இன்னொன்று கிடந்தால், முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான். விக்டரி மாடல் என்று பெயர் பெற்ற இந்தத் துப்பாக்கியின் வரலாறு ஆவணங்களில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு அதன் மேற்பரப்பிலும் இருக்கிறது. எஃகின்மேல் ஒரு மைக்ரான் அளவே உள்ள மெல்லிய படலம் அது. ஒரு தடவை போனால் போனதுதான்.

பயணம் தொடங்கும் இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அங்கே 1899 முதல் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற ஆறு குண்டு ரிவால்வரைச் செய்துவந்தது. அமெரிக்கக் காவலர்கள் பலரின் இடுப்பில் தொங்கிய துப்பாக்கி அது. போருக்கு முந்தைய நாட்களில் அதன் அழகே அதன் மெருகுதான். தோல் சுற்றிய சக்கரத்தில் குருந்தப்பொடி ஏற்றி, கரடானதில் தொடங்கி நுண்ணியதுவரை ஒவ்வொரு சக்கரமாக மாற்றி, மெருகுக்காரர் ஒவ்வொரு பாகத்தையும் தேய்ப்பார். தட்டையான இடம் தட்டையாகவே இருக்க வேண்டும்; விளிம்பு கூர் மழுங்கக் கூடாது; திருகு துளையைச் சுற்றிப் பள்ளம் விழக் கூடாது. வருடக்கணக்கில் பழகினால்தான் கை அதற்குப் பணியும். அதன் பிறகே புளூயிங். எஃகின் மேல்தோலைக் கட்டுப்பாட்டோடு ஆக்ஸிஜனோடு சேரவிட்டு, சிவந்து அரிக்கும் துருவுக்குப் பதில் மேக்னடைட் என்னும் கருநீலப் படலத்தை உண்டாக்கும் வேலை அது. வெளியிலிருந்து கொண்டுவந்து பூசும் வண்ணம் இல்லை. எஃகே நிறம் மாறுகிறது. ஆகவே அடியில் எஃகு எப்படி இருக்கிறதோ, படலமும் அப்படியே தெரியும். மெருகேற்றிய எஃகில் ஆழ்நீலமாகப் பளபளக்கும். கரடான எஃகில் மங்கிய கறுப்பாக நிற்கும். பழைய துப்பாக்கியின் மேனியைப் படிக்க வந்தவர் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

1940-இல் அந்தத் தொழிற்சாலை ஒரு கடனில் சிக்கியிருந்தது. பிரிட்டிஷ் அரசு 9 மில்லிமீட்டர் இலகு ரைஃபிள் ஒன்றைச் செய்துதரச் சொல்லி 10 லட்சம் டாலர் முன்பணம் கொடுத்திருந்தது. அந்த ரைஃபிள் பிரிட்டிஷ் சோதனையில் தேறவில்லை. முன்பணமோ செலவாகிவிட்டது. டன்கிர்க்கிலிருந்து பின்வாங்கியபோது ஏராளமான தளவாடங்களைக் கடற்கரையிலேயே விட்டுவந்திருந்த பிரிட்டனுக்கு, பணத்தைவிட ஆயுதம்தான் அவசரத் தேவை. எனவே ரைஃபிளுக்குப் பதிலாக ரிவால்வர்களை அனுப்பிக் கடனை அடைப்பது என்று முடிவானது. மிலிட்டரி அண்ட் போலீஸ் மாடலையே பிரிட்டிஷ் ராணுவத்தின் .38/200 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றினார்கள். 200 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்காக வந்த பெயர் அது. போர் முடிவதற்குள் இந்த வகையில் 5,68,000-க்கும் அதிகமான ரிவால்வர்கள் பிரிட்டனுக்கும் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற அதன் கூட்டாளி நாடுகளுக்கும் போயின.

அவற்றில் முதலில் கப்பலேறியவை அமைதிக்கால அழகோடுதான் போயின: பளபளக்கும் நீலம், கட்டம்கட்டமாகக் கீறிய வால்நட் மரப் பிடி, பிடியில் பதித்த நிறுவன வில்லை. குழல் நீளம் 4, 5, 6 அங்குலம் என்று வேறுபட்டது. பிறகு 5 அங்குலம் என்பது நிலையானது. மாடல் ஒன்றுதான், போய்ச்சேர்ந்த நாடும் ஒன்றுதான். ஆனாலும் 1940-இல் போனதையும் 1943-இல் போனதையும் அருகருகே வைத்தால் இரண்டு வேறு பட்டறைகளில் பிறந்தவைபோல் இருக்கும். இடையில் நடந்தது போர்.

1941 மார்ச் 11-இல் கடன்-குத்தகைச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் பிரிட்டனுக்குப் போன ஆயுதங்களுக்கு அமெரிக்க அரசே பணம் கட்டியது. சட்டப்படி அவை அமெரிக்கச் சொத்தாகவே நின்றன. உடலின் மேற்பட்டியில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் பிராப்பர்ட்டி' என்ற முத்திரை விழுந்தது இப்படித்தான். பக்கத்தில் ஜி.எச்.டி. என்ற மூன்றெழுத்து பல துப்பாக்கிகளில் இருக்கும். ஸ்பிரிங்ஃபீல்டு வட்டாரத்தில் ஆயுதச் சோதனைக்குப் பொறுப்பேற்றிருந்த ராணுவ அதிகாரி கை எச். ட்ரூரியின் முதலெழுத்துகள் அவை. அமெரிக்கப் படைக்கென்று செய்தவை .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கானவை. பெரும்பாலும் 4 அங்குலக் குழல். கடற்படை விமானிகளும், போர்த்தளவாட ஆலைகளைக் காத்த காவலர்களும் அவற்றை வைத்திருந்தார்கள்.

உற்பத்தி ஏற ஏற, அழகு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. பிடியிலிருந்த கட்டக்கீறல் போயிற்று, வில்லை போயிற்று. வழவழப்பான வெறும் வால்நட் பலகை மிஞ்சியது. மெருகும் இறங்கியது. கண்ணாடிப் பளபளப்புக்குப் பதிலாக, மென்மையான தூரிகைக் கோடுகள் தெரியும் நீலம் வந்தது. அதுவும் போய், எஃகின்மேல் மணலை வீசியடித்து, சாம்பல் பாய்ந்த ஒரே சீரான சொரசொரப்பின்மேல் நிறமேற்றினார்கள். கடைசியில் வந்தது, சேகரிப்பாளர்கள் நள்ளிரவுக் கறுப்பு என்று அழைக்கும் ஒளி விழுங்கும் கறுப்பு. இதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. மெருகு சக்கரத்தின் முன் நிற்கும் தேர்ந்த கைகள்தான் ஒரு தொழிற்சாலையில் மிக மெதுவாகக் கிடைக்கும் பொருள். மணல் வீச்சுக்கு அந்தக் கை தேவையில்லை. மின்னாத மேனி போர்க்களத்தில் எதிரியின் கண்ணில் படாது என்ற ஆதாயமும் கூடவே வந்தது.

1942 ஏப்ரலில் இந்த மாடலின் வரிசை எண் பத்து லட்சத்தைத் தொட்டது. அங்கிருந்து எண்ணைப் புதிதாகத் தொடங்கி, முன்னால் வெற்றியைக் குறிக்கும் V-ஐச் சேர்த்தார்கள். போர் முடிவதற்குள் அந்த வரிசை எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அடையாளம் காண்பவருக்கு இந்த எண்தான் முதல் கைவிளக்கு. எண் தெரிந்தால் காலம் தெரியும்; காலம் தெரிந்தால் அந்த மேனி எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது தெரியும். ஒரே எண் பல இடங்களில் இருக்கும்: பிடியின் அடிப்பகுதி, குழலின் அடிப்பக்கம், உருளையின் பின்முகம், வலப்பக்கப் பிடிப்பலகையின் உட்புறம். எல்லாம் ஒத்துப்போனால், அந்த உருப்படி ஒரே நாளில் பிறந்த பாகங்களோடு இன்றுவரை ஒன்றாக வந்திருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால், எங்கோ ஒரு பட்டறை மேசையில் பல துப்பாக்கிகள் ஒன்றாகப் பிரிக்கப்பட்டு, கைக்குக் கிடைத்த பாகங்களோடு திரும்பப் பூட்டப்பட்டிருக்கின்றன.

இந்தக் கறுப்பை ஃபாஸ்ஃபேட் பூச்சு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. விக்டரியின் கறுப்பு, மணல் வீசிய எஃகின்மேல் ஏறிய ஆக்சைடு. ஃபாஸ்ஃபேட்டிங் என்பது சூடான ஃபாஸ்பாரிக் அமிலக் கரைசலில் பாகத்தை முக்கி, துத்தநாக அல்லது மாங்கனீசு ஃபாஸ்ஃபேட்டின் நுண்படிகங்களை எஃகின்மேல் வளர்ப்பது. படிகங்களுக்கிடையே எண்ணெய் தங்குவதால் அது துருவை நன்றாகத் தடுக்கும். சாம்பல் நிறமாகவோ, நாள்பட நாள்பட லேசாகப் பச்சை பாய்ந்தோ தெரியும். விக்டரியில் இந்தச் சாம்பல்-பச்சைப் படிகத் தோலைப் பார்த்தால், அது ராணுவப் பட்டறையில் இரண்டாம் முறை பிறந்தது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உடல் முழுவதும் கறுத்த பிறகும் இரண்டு பாகங்கள் நிறம் மாறாமல் இருந்தன: சுத்தியலும் டிரிக்கரும். தேய்மானத்தைத் தாங்குவதற்காக அவற்றின் மேல்தோலை மட்டும் வெப்பத்தால் கடினமாக்குவார்கள். அந்த வேலையில் எஃகில் நீலம், ஊதா, வைக்கோல் மஞ்சள், பழுப்பு எல்லாம் மேகம்போல் கலந்து படியும். போரின் அவசரத்திலும் இந்த வண்ணம் போகவில்லை. அதனால் ஒரு விக்டரியை எடுத்ததும் சுத்தியலின் பக்கவாட்டைப் பாருங்கள். நிழல் மறைவில், அந்தப் பல்வண்ண மேகத்தின் மிச்சமாவது இருக்க வேண்டும். சுத்தியலும் டிரிக்கரும் உடலைப்போலவே ஒரே கறுப்பாக இருந்தால், மொத்தத் துப்பாக்கியையும் யாரோ ஒரே தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். மறுபூச்சுக்காரர் அதிகம் தவறும் இடம் இதுதான்.

1944-இன் முடிவில் ஒரு விபத்து நடந்தது. கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்த குண்டேற்றிய விக்டரி ஒன்று தானாக வெடித்து, ஒரு கடற்படை வீரரின் உயிரைப் பறித்தது. பொறியாளர்கள் விரைந்து, சுத்தியல் முன்னோக்கிப் பாயாதபடி குறுக்கே நிற்கும் புதிய தடுப்பு ஒன்றை வடிவமைத்தார்கள். அதைப் பெற்ற துப்பாக்கிகளின் எண்ணில் V-க்குப் பக்கத்தில் S சேர்ந்தது. ஏற்கெனவே செய்து முடித்தவற்றிலும் சிலவற்றைத் திருப்பி வாங்கித் தடுப்பைப் பொருத்தி S அடித்தார்கள். அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் மரணம் இருக்கிறது. யாரோ சாணையில் பிடித்து அதை மழுக்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கசக்கிறது.

போர் முடிந்தது. லட்சக்கணக்கான ரிவால்வர்கள் வேலையிழந்தன. பயணத்தின் இரண்டாம் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது; மேனியும் இங்கேதான் அதிகம் மாறியது. ஆஸ்திரேலியப் படையிடம் இருந்தவை 1950-களில் லித்கோ ஆயுதத் தொழிற்சாலைக்குப் போய் முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்டன. அவற்றில் எஃப்.டி.ஆர். என்ற முத்திரையும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். அந்தப் பூச்சு ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தது இல்லை. ஆனால் போலியும் இல்லை. ஓர் அரசு தன் வீரர்களுக்காகச் செய்த, தேதி குறித்த வேலை அது. அசல் என்ற சொல்லை ஆலையோடு மட்டும் நிறுத்திவிடக் கூடாது என்பது என் எண்ணம். லித்கோ முத்திரையோடு லித்கோ பூச்சு இருந்தால், அந்த மேனி தன்னைப் பற்றி உண்மை பேசுகிறது. லித்கோ முத்திரையின்மேல் கண்ணாடி நீலம் பளபளத்தால், அது பொய் பேசுகிறது.

பிரிட்டனில் விற்பனைக்கு வந்த துப்பாக்கிகள் சட்டப்படி சோதனைக் கூடத்தில் தேற வேண்டும். அங்கே அறைகளிலும் குழலிலும் சோதனை முத்திரைகள் விழுந்தன. 'நாட் இங்கிலிஷ் மேக்' என்ற வரியும், தோட்டாக் கூட்டின் நீளத்தைக் காட்டும் .767 என்ற எண்ணும், தாங்கும் அழுத்தமாக மூன்றரை டன் என்ற குறிப்பும் அவற்றில் உண்டு. மேனியின் வயதைக் கணக்கிட இந்த முத்திரைகளைப்போல் உதவும் வேறொன்று இல்லை. உளி அடிக்கும்போது உலோகம் பக்கவாட்டில் பிதுங்கும். ஏற்கெனவே இருந்த கறுப்பு அங்கே நசுங்கி உடையும். பூதக்கண்ணாடியில் எழுத்தின் பள்ளத்தில் பூச்சு முறிந்து, விளிம்பில் சின்னக் கரை எழும்பியிருந்தால், கறுப்பு முதலில் வந்தது, முத்திரை பிறகு வந்தது. பள்ளத்துக்குள்ளும் ஒரே நிறம் வழுவழுவென்று இறங்கி, கரை தேய்ந்து தட்டையாகியிருந்தால், முத்திரை முதலில் வந்தது, பூச்சு பிறகு வந்தது. தொழிற்சாலை, ராணுவம், சோதனைக் கூடம் மூன்றின் முத்திரைகளையும் இப்படி வரிசைப்படுத்தினால், எந்த இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே மறுபூச்சு நடந்தது என்று சொல்லிவிடலாம்.

உபரிச் சந்தையில் இந்த ரிவால்வர்கள் மலிவாகப் போயின. .38/200 தோட்டா அமெரிக்கக் கடைகளில் அதிகம் புழங்கவில்லை; .38 ஸ்பெஷல் எங்கும் கிடைத்தது. எனவே வியாபாரிகள் அறைகளை இன்னும் ஆழமாகக் குடைந்து .38 ஸ்பெஷல் நுழையும்படி செய்தார்கள். சட்டைப்பையில் அடங்கட்டும் என்று குழலையும் வெட்டினார்கள். இப்படி மாறிய ஒன்றின் எண் V510210. பிரிட்டிஷ் ஒப்பந்தத்துக்காக 5 அங்குலக் குழலோடு பிறந்த அது, லாஸ் ஏஞ்சலிஸில் சீபோர்ட் டிரேடர்ஸ் என்ற தபால் வணிக நிறுவனத்தின் கைக்கு வந்தது. அங்கிருந்து விற்கப்பட்டபோது குழல் 2¼ அங்குலம்தான்; அறைகள் .38 ஸ்பெஷலுக்குக் குடையப்பட்டிருந்தன. 1963 மார்ச்சில் 29.95 டாலர் விலைக்கு அதை வாங்கியவர், ஹிடெல் என்ற பொய்ப்பெயரில் ஆர்டர் கொடுத்த லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்ட சிறிது நேரத்தில், டல்லாஸ் காவலர் ஜே. டி. டிப்பிட் இந்த ரிவால்வரால் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷன் முடிவு செய்தது. அங்கே விழுந்திருந்த தோட்டாக் கூடுகள் இதே துப்பாக்கியில் வெடித்தவை என்பதில் எஃப்.பி.ஐ. நிபுணருக்குச் சந்தேகம் இல்லை. குண்டுகளின் விஷயத்தில் அவரால் அப்படி உறுதி சொல்ல முடியவில்லை. பழைய குழலின் உள்விட்டம் .38 ஸ்பெஷல் குண்டைவிடச் சற்றுப் பெரியது. ஒவ்வொரு குண்டும் உள்ளே தளர்வாக ஓடியதால் குழலின் தடம் ஒரே மாதிரி பதியவில்லை. உபரிச் சந்தைக்காகச் செய்த மாற்றம் ஒரு கொலை வழக்கின் சாட்சியத்தையே தொட்டது.

V510210-க்கு ஆவணங்கள் இருக்கின்றன. மற்ற லட்சக்கணக்கானவற்றுக்கு மேனிதான் ஆவணம். அதை அழிப்பதில் முதலிடம், அழகுபடுத்த நினைத்த கைகளுக்குத்தான். அழிப்பின் அடையாளங்களைத் தெரிந்துகொள்வது கடினம் இல்லை. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உருளையைத் திறந்து ஒவ்வொரு அறையையும் பார்த்த பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். துருப்பள்ளங்களின் அடியிலும் நீலம் பளிச்சென்று இருந்தால், துரு முதலில் வந்தது, நீலம் பிறகு வந்தது. திருகு துளைகளைச் சுற்றி எஃகு கிண்ணம்போல் குழிந்திருந்தால், மென்துணிச் சக்கரம் அங்கே விளையாடியிருக்கிறது. பக்கத்தகடும் உடலும் சேரும் கோடு ஆலையில் மயிரிழையாக இருந்தது. மெருகேற்றுகிறோம் என்று தேய்த்தவர் அதை அகலமான வாய்க்காலாக்கிவிட்டிருப்பார். நிறுவன முத்திரையின் கூர் மழுங்கியிருக்கும். V வரிசையில் மணல் வீச்சின் சொரசொரப்பும் கருவித் தடங்களும் காணாமல் போயிருக்கும். நிக்கல் பளபளப்போடு ஒரு விக்டரி வந்தால் யோசிக்கவே வேண்டாம். படைக்கு நிக்கல் பூசி அனுப்பும் நிலையில் யாரும் இருக்கவில்லை. அந்த நிக்கல் உரிந்த இடத்தில் செப்பு தெரிந்தால், தனியார் முலாம் பட்டறையின் வேலை என்பது இன்னும் உறுதியாகும்.

அசல் பூச்சு தேயும் விதத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. உறையில் உரசும் குழல்முனை, உருளையின் முன் ஓரம், உள்ளங்கை பிடிக்கும் பின்பட்டி ஆகியவைதான் முதலில் வெளுக்கும். மறைவான மூலைகளில் கறுப்பு அப்படியே நிற்கும். பிடிப்பலகைகளைக் கழற்றினால், காற்றும் கையும் படாத எஃகில் ஆலையின் நிறம் இருக்கலாம். அங்கேயே, பிடிச்சட்டத்தின் இடப்பக்கத்தில் மாதமும் ஆண்டும் சின்ன எண்களாகத் தெரிந்தாலோ, அடிப்பிடியில் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தாலோ, அது ஆலைக்கே திரும்பிப்போய் வேலை பார்க்கப்பட்டது என்று பொருள். சந்தேகம் தீராவிட்டால், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய பதிவேடுகளிலிருந்து வரிசை எண்ணை வைத்து வரலாற்றுக் கடிதம் பெறலாம். எந்த நாளில், யாருக்கு, எந்தப் பூச்சோடு அனுப்பப்பட்டது என்று அது சொல்லும்.

தமிழ்நாட்டில் கோயில் சுவர்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணல் வீசியடித்தபோது கல்வெட்டு ஆய்வாளர்கள் எழுப்பிய குரலைக் கேட்டவர்களுக்கு, நான் சொல்வது உடனே புரியும். கல் பளிச்சென்று ஆனது, எழுத்து தேய்ந்தது. விக்டரியில் மணல் வீச்சே எழுத்து. அதை வழவழப்பாக்குவது அழிப்பு.

அப்படி ஒன்று உங்கள் பொறுப்பில், உரிமத்தோடு, வந்து சேர்ந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நயமான எண்ணெய் தொட்ட மென்துணியால் துடையுங்கள். புதிய துரு பரவாமல் பாருங்கள். தோல் உறையில் நிரந்தரமாக வைக்காதீர்கள். பதப்படுத்திய தோலிலுள்ள அமிலமும் ஈரமும் எஃகைத் தின்னும். எண்களையும் முத்திரைகளையும் படமெடுத்து, யாரிடமிருந்து வந்தது என்ற தகவலோடு எழுதி வையுங்கள். மெருகு போடுகிறேன், புதுசாக்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும் மறுத்துவிடுங்கள். ஒரு தொழிற்சாலை தன் மெருகை விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்கியது. அந்தக் கொடுக்கல் வாங்கலின் கணக்கு இந்தக் கறுப்பில்தான் எழுதியிருக்கிறது. அதைத் திருத்தும் உரிமை நம்மில் யாருக்கும் இல்லை.